ஸ்வெட்டரோடு ஒரு பாலைவனம்!

முழு ஆண்டுத் தேர்வு முடிந்த மறுநாளே வீட்டில் சுற்றுலாப் பேச்சு ஆரம்பித்துவிடும். நாலைந்து வயதுக் குழந்தைக்கு ஊர்ப் பெயரெல்லாம் தெரியாது. ‘ஒட்டகம் பார்க்கணும், மணல்ல விளையாடணும்’ என்று மட்டும் சொல்லும். உடனே நமக்கு ஜெய்சல்மர் ஞாபகம் வரும். வேண்டாம். மே மாத ராஜஸ்தான் சின்னக் குழந்தையை அழைத்துப் போகிற இடம் இல்லை. 2016-ம் ஆண்டு மே 19 அன்று, அங்கே பலோடி என்ற ஊரில் 51 டிகிரி செல்சியஸ் பதிவானது. சாதாரண மே நாளிலேயே 40 டிகிரியைத் தாண்டிவிடும். அந்த ஒட்டகத்தை அரையாண்டு லீவுக்கோ, பொங்கல் லீவுக்கோ தள்ளிவையுங்கள்.

மே மாதக் கடைசியில் போகக்கூடிய பாலைவனம் ஒன்றும் நம் நாட்டில் இருக்கிறது. அங்கேயும் மணல்மேடு உண்டு, ஒட்டகம் உண்டு. அந்த ஒட்டகத்துக்கு ஒன்றுக்கு இரண்டு திமில்! என்ன, போகும்போது ஸ்வெட்டர் எடுத்துப் போக வேண்டும். ஆமாம், லடாக்தான்.

“பனி மலை இருக்கிற ஊர் எப்படிப் பாலைவனம் ஆகும்?” என்று எங்கள் அம்மாவே கேட்டார். லே நகரத்தில் ஒரு வருஷம் முழுக்கப் பெய்வது சுமார் 100 மில்லிமீட்டர்தான். சென்னையில் ஐப்பசி அடைமழை ஒரே நாளில் கொட்டிவிட்டுப் போகிற அளவு. தெற்கிலிருந்து வரும் பருவமழை மேகங்களை இமயமலை மறித்துக்கொள்கிறது. பாலை என்பது தனி நிலமே இல்லை. முல்லையும் குறிஞ்சியும் மழையின்றி வறண்டால் அதுதான் பாலை என்று சிலப்பதிகாரம் சொல்கிறது. வெயில் இருக்கிறதா என்பதல்ல, தண்ணீர் இருக்கிறதா என்பதுதான் கணக்கு. லடாக்கில் அது கண்ணால் பார்க்கிற பாடம். மைல் கணக்கில் மொட்டை மலை. நடுவே ஓர் ஓடை இறங்கும் இடத்தில் மட்டும் பச்சைத் துண்டாக ஒரு கிராமம்.

ராஜஸ்தானில் குழந்தைக்கு வெயில்தான் பிரச்னை என்றால், இங்கே உயரம். பிளான் போடுவதே இதை வைத்துத்தான். தமிழ்நாட்டிலேயே உயரமான தொட்டபெட்டா 2,637 மீட்டர். லே, 3,500 மீட்டர். அங்கே ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கிற ஆக்சிஜன், கடற்கரை ஊரில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். டெல்லியில் விமானம் ஏறினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் அங்கே போய் இறங்கிவிடுகிறோம். உடம்புக்கு இந்தச் செய்தி போய்ச்சேரவே ஒரு நாள் ஆகும்.

பெரியவர்களுக்குத் தலை வலிக்கும், குமட்டும், தூக்கம் வராது; வாய்விட்டுச் சொல்வோம். நாலு வயதுக் குழந்தைக்கு ‘தலைவலி’ என்று சொல்லத் தெரியாது. எங்கே வலித்தாலும் ‘வயிறு வலிக்குது’ என்றுதான் சொல்லும். அல்லது ஒன்றுமே சொல்லாமல் சிணுங்கும். சாப்பாட்டைத் தள்ளும். பிடித்த பொம்மையைக் கொடுத்தால்கூட வாங்கிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கும். இதில் ஒரு குழப்பமும் இருக்கிறது. மலைப்பாதையில் வாந்தி எடுத்தால், ‘வண்டி ஒத்துக்கலை’ என்று நாமே முடிவு செய்துவிடுவோம். வண்டியை விட்டு இறங்கி ஒரு மணி நேரம் ஆனபின்பும் குழந்தை தெளியவில்லை என்றால், அது வண்டியால் வந்ததல்ல, உயரத்தால் வந்தது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குமேல் ஓர் அடிகூட ஏறக் கூடாது. ஓய்விலும் சரியாகாவிட்டால் கீழே இறங்குவதுதான் வைத்தியம். மூச்சு வாங்கினாலோ, நடை தள்ளாடினாலோ, எழுப்பினால் எழாமல் துவண்டு கிடந்தாலோ ஒரு நிமிடமும் காத்திருக்கக் கூடாது, ஆஸ்பத்திரிக்குத்தான்.

இறங்குவது என்று சொல்வது சுலபம். லே ஒரு பள்ளத்தாக்கில் இருக்கிறது. ஸ்ரீநகர் ரோட்டில் போனாலும் மணாலி ரோட்டில் போனாலும் முதலில் இன்னும் உயரமான கணவாய்களில் ஏறிவிட்டுத்தான் இறங்க முடியும். வேகமாகக் கீழே வர விமானம்தான் வழி. ஊட்டியில் உடம்பு சரியில்லை என்றால் மேட்டுப்பாளையத்துக்கு வண்டியை விடுவதுபோல இது ஆகாது. அதனால்தான் வந்தபின் சமாளிக்கலாம் என்று இல்லாமல், வருவதற்கு முன்பே யோசிக்க வேண்டியிருக்கிறது.

முதல் யோசனை, எந்த வழியாகப் போவது? நேரமும் தெம்பும் இருந்தால், ஸ்ரீநகரிலிருந்து ரோடு வழி நல்லது. ஸ்ரீநகர் 1,600 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அங்கே இரண்டு நாள். பிறகு சோஜி லா கணவாயைக் கடந்து கார்கிலில் ஒரு ராத்திரி. கார்கில் சுமார் 2,700 மீட்டர்தான். அடுத்த நாள் ஃபோட்டு லா தாண்டி, சிந்து நதிக்கரைக்கு இறங்கிவிடலாம். உடம்பு படிப்படியாகப் பழகிக்கொள்ளும். மணாலி வழி, சினிமாவிலும் ரீல்ஸிலும் பிரமாதமாக இருக்கும். குழந்தையோடு வேண்டவே வேண்டாம். நடுவில் தங்கும் சார்ச்சு 4,200 மீட்டருக்கு மேல். முதல் ராத்திரியையே அங்கே கழிப்பது பெரியவர்களுக்கே ஆகாது. மே மாதத்தில் அந்த ரோடு திறக்குமா என்பதற்கும் உத்தரவாதம் இல்லை.

லீவு குறைவு, விமானம்தான் என்றால் ஒரு வழி இருக்கிறது. லே-யில் இறங்கியதும் அங்கேயே ஹோட்டலில் படுக்காமல், காரில் மேற்கே போய்விடுங்கள். சிந்து நதியோடு நிம்மு, ஆல்ச்சி என்று போகப் போக உயரம் குறையும். ஆல்ச்சி, லே-யிலிருந்து 70 கிலோமீட்டருக்குள். உயரம் சுமார் 3,100 மீட்டர். 400 மீட்டர் குறைவு என்பது பெரிய வித்தியாசமா என்று தோன்றும். ராத்திரி தூக்கத்தில் அது தெரியும். முதல் இரண்டு ராத்திரி அங்கே தங்கினால் நல்லது. தொல்லையும் இல்லை, கிராமத்தைச் சுற்றி வாதுமைத் தோட்டம், வாய்க்கால், கன்றுக்குட்டி. நடந்துபோகிற தூரத்தில் சுமார் 900 வருஷப் பழைய புத்தர் கோயில், உள்ளே சுவரெல்லாம் ஓவியம். குழந்தைக்கு என்னவோ வாய்க்கால்தான் பிடிக்கும்.

நாங்கள் அப்படித்தான் போனோம். அக்கா மகளுக்கு அப்போது நாலு வயது. மூன்றாம் நாள் நூப்ரா போவதாகத் திட்டம். அங்கே அறைக்குப் பணமும் கட்டியாகிவிட்டது. இரண்டாம் நாள் சாயங்காலம் அவள் சோற்றைத் தொடவில்லை. வாய்க்காலில் கப்பல் விடக் கூப்பிட்டால் தலையை ஆட்டிவிட்டு மடியில் படுத்துக்கொண்டாள். காய்ச்சல் இல்லை. தங்கியிருந்த வீட்டு அம்மா (அங்கே ‘ஆமா-லே’ என்று மரியாதையாகக் கூப்பிடுகிறார்கள்) அவளைப் பார்த்துவிட்டு, நாளைக்கு மலை ஏற வேண்டாம் என்று சைகையிலேயே சொன்னார். மாமா, கட்டிய பணத்தை நினைத்துக் கொஞ்ச நேரம் முணுமுணுத்தார். “பணம் போனால் போகுது, புள்ளையைத் தூக்கிட்டுப் பதினேழாயிரம் அடிக்கு நான் வரமாட்டேன்” என்று அக்கா சொன்னதும் பேச்சு முடிந்தது. மறுநாள் முழுக்க வீட்டு முற்றம்தான். மதியத்துக்கு மேல் அவளாகவே கேட்டு நூடுல்ஸ் சூப் குடித்தாள். பிறகு கன்றுக்குட்டியைத் துரத்தினாள். அதற்கு அடுத்த நாளும் அங்கேயே இருந்துவிட்டு, பிறகுதான் கிளம்பினோம். அதனால் என் சிபாரிசு: லடாக் திட்டத்தில் இரண்டு நாளைக் காலியாக விட்டுவிடுங்கள். ‘ஆறு நாள், ஐந்து இடம்’ பேக்கேஜ் எல்லாம் சின்னக் குழந்தை இல்லாதவர்களுக்கு.

நூப்ரா பள்ளத்தாக்கில்தான் நாம் தேடிவந்த மணல் இருக்கிறது. ஹுண்டர் கிராமத்தின் உயரம் சுமார் 3,100 மீட்டர்தான். தங்குவதற்கு நல்ல இடம். ஆனால் அங்கே போக 5,359 மீட்டர் உயர கர்துங் லா கணவாயைக் கடக்க வேண்டும். உச்சியில் போர்டு, டீக்கடை, போட்டோ எடுக்கக் கூட்டம். நம் வேலை, கண்ணாடி வழியாகப் பனியைக் காட்டிவிட்டு வண்டியை நிறுத்தாமல் கீழே இறங்குவது. டிரைவரிடம் காலையிலேயே சொல்லிவைத்துவிட்டால் அவர்களே புரிந்துகொள்வார்கள். குழந்தையைத் தூங்கவிடாமல் பேச்சுக் கொடுத்தபடியே போங்கள். தூக்கமா, மயக்கமா என்ற சந்தேகம் வராது.

ஹுண்டரில் மணல்மேடுகள் பெரியவை அல்ல. பின்னணியில் இருக்கும் மலைகள்தான் பெரியவை. பக்கத்திலேயே ஓடை, முள்செடிப் புதர்கள். அந்த இரட்டைத் திமில் ஒட்டகங்கள், ஒரு காலத்தில் மத்திய ஆசியாவின் யார்கண்டுக்கும் லே-வுக்கும் நடுவே சரக்கு சுமந்த வணிகக் கூட்டங்கள் விட்டுச்சென்றவற்றின் வம்சம். இரண்டு திமிலுக்கு நடுவே உட்காருவதால், குழந்தை முன்னாலும் பின்னாலும் சாய்ந்துகொள்ள வசதி. போவது காலையில் இருக்கட்டும். மதியத்துக்கு மேல் காற்று எழும்பி மணலை வாரி முகத்தில் அடிக்கும். சாயங்காலம் கூட்டமும் அதிகம். எங்கள் வாண்டு ஒட்டகத்தில் ஏறியது பத்து நிமிடம், மணலில் சரிவு கட்டிச் சறுக்கியது இரண்டு மணி நேரம்.

பாங்காங் ஏரியைக் கேட்பீர்கள். ‘3 இடியட்ஸ்’ படத்துக்குப் பிறகு அதைப் பார்க்காமல் வந்தால் லடாக் போனதாகவே யாரும் ஒப்புக்கொள்வதில்லை. ஏரியே 4,200 மீட்டருக்கு மேல். போகிற வழியிலும் பெரிய கணவாய் ஒன்று உண்டு. ராத்திரி அங்கே தங்குவது ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு நியாயமே இல்லை என்பது என் கருத்து. ஏரி எங்கும் போகாது. பிள்ளை பத்து வயதாகட்டும்.

சாப்பாட்டு விஷயத்தில் பயம் வேண்டாம். 3,500 மீட்டரில் தண்ணீர் 88 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்பதால் திறந்த பாத்திரத்தில் சோறு வேகாது. அங்கே எல்லா வீட்டிலும் குக்கர்தான். பருப்பும் சோறும் எங்கும் கிடைக்கும். காய்கறி போட்ட துக்பா சூப் குழந்தைகளுக்குப் பிடித்துப்போகும். உப்பும் வெண்ணெயும் போட்ட டீயை நீங்கள் ஒரு மடக்கு குடித்துப்பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். தண்ணீர் மட்டும் குழந்தை கேட்காவிட்டாலும் அடிக்கடி கொடுக்க வேண்டும். வியர்வை தெரியாது, காற்று அவ்வளவு வறட்சி. உதடு வெடிக்கும், சில குழந்தைகளுக்கு மூக்கில் லேசாக ரத்தம் வரும். தேங்காய் எண்ணெய் பாட்டிலை நம்பிப் போகாதீர்கள், அது கல்லாக உறைந்துவிடும். வாசலின் டப்பா போதும். வெயில் இதமாகத்தான் இருக்கும், ஆனால் உயரம் கூடக் கூடப் புறஊதாக் கதிர் கடுமையாகும். தொப்பி, சன்ஸ்கிரீன், குழந்தை அளவுக்குக் கூலிங்கிளாஸ் மூன்றும் கட்டாயம். கிராமங்களில் பழைய பாணிக் கழிப்பறைகளில் தண்ணீருக்குப் பதில் மண்ணைத் தள்ளிவிட வேண்டும். முதலில் மிரளும் குழந்தை, இரண்டாம் நாள் அந்த மண்வெட்டிக்கு அடம்பிடிக்கும்.

டிக்கெட் போடுவதற்கு முன்பே குழந்தைநல மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். இதயத்திலோ நுரையீரலிலோ பிறவிக் கோளாறு இருந்தால் இந்த ஊரே வேண்டாம் என்று அவர் சொல்லக்கூடும். கிளம்பும் வாரத்தில் சளி, காய்ச்சல் இருந்தாலும் பயணத்தைத் தள்ளிப்போட வேண்டியதுதான். உயரத்தில் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும் அபாயத்தை அந்தச் சளியே கூட்டிவிடும். முன்னெச்சரிக்கை மாத்திரையை நாமாகக் கடையில் வாங்கிப் பாதியாக உடைத்துக் கொடுக்கிற வேலை கூடாது. லே-யில் சோனம் நோர்பு நினைவு மருத்துவமனை என்ற பெரிய அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது. அதன் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். வெளி மாநில ப்ரீபெய்டு சிம் அங்கே வேலை செய்யாது. வீட்டில் ஒருவரிடமாவது போஸ்ட்பெய்டு இருக்கட்டும்.

திரும்பும்போது லே-யில் ஒரு ராத்திரி தங்கி, மறுநாள் காலை விமானம் பிடிப்பது வழக்கம். வானிலை சரியில்லை என்றால் விமானம் ரத்தாகும். அதனால் டெல்லியிலிருந்து சென்னைக்கான டிக்கெட்டை அதே நாளில் போடாதீர்கள். இன்னொன்று, லே-யின் அதிகாலைக் குளிரில் குழந்தை இரண்டு ஸ்வெட்டர், குல்லாவோடு ஏறும். டெல்லியில் இறங்கும்போது 40 டிகிரிக்கு மேல் கொதித்துக்கொண்டிருக்கும். மெல்லிய காட்டன் சட்டை ஒன்றையும் தண்ணீர் பாட்டிலையும் கைப்பையிலேயே வைத்துக்கொண்டு, விமானம் தரையிறங்கும் முன்பே உடை மாற்றிவிடுங்கள்.