பெரியப்பா, ஒரு கையெழுத்து போடுங்க

கொஞ்சம் நீளமான பதிவு. லாரி, மண் வேலை என்று பிழைக்கும் குடும்பங்களில் யாருக்காவது உதவும் என்பதால் எழுதுகிறேன். "வாத்தியாருக்கு லாரியைப் பற்றி என்ன தெரியும்?" என்று கேட்பீர்கள். ஒன்றும் தெரியாது. அதனால்தான் போய்ப் பார்த்தேன்.

போன வருடம் தை மாதம் என் தம்பி மகன் அம்பத்தூர் வீட்டுக்கு வந்தான். கையில் ஒரு ஃபைல். பார்த்த வேலையை விட்டு ஆறு மாதம் ஆகியிருந்தது. ஜேசிபி வாங்கப் போகிறானாம். கடன் முப்பது லட்சத்துக்குப் பக்கம். ஜாமீனுக்கு நான் கையெழுத்துப் போட வேண்டும்.

"அப்பாவோட லாரியக் காயலான் கடைக்குப் போட்டுட்டு அந்தப் பணத்த முன்பணமா கட்டிடலாம் பெரியப்பா. இருபது வருஷ வண்டி, புகையா கக்குது. நீங்க பென்ஷன்காரர், உங்க கையெழுத்து இருந்தா உடனே பாஸ் ஆயிடும்."

தம்பியின் லாரி 2004 மாடல் டிப்பர். திருமுல்லைவாயல், பட்டாபிராம், திருநின்றவூர் பக்கம் மண், ஜல்லி, எம்சாண்ட் அடித்துத்தான் இவனைப் படிக்க வைத்தான்.

முப்பத்தைந்து வருடம் நோட்டுத் திருத்தியவன் நான். விடையைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டதில்லை. "பத்து நாள் கொடுப்பா" என்றேன். அவன் முகம் சுருங்கிப் போயிற்று.

ஆவடி டாங்கி ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. அவரைக் கூட்டிக்கொண்டு லாரி நிற்கும் இடத்துக்குப் போனேன். ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். கரும்புகை வந்தது. நான் இன்ஜின் போய்விட்டது என்றே நினைத்தேன். அவர் சிரித்தார்.

"சார், புகைக்கு மூணு நிறம். கறுப்புன்னா டீசலுக்கு ஏத்த காத்து போகல, இல்ல நாசில் சரியா தெளிக்கல. நீலம்னா ஆயில் எரியுது, அதுதான் செலவு. வெள்ளை காலையில கொஞ்ச நேரம் வந்தா பரவாயில்ல. சூடான பிறகும் வந்து, ரேடியேட்டர்ல தண்ணியும் குறைஞ்சா ஹெட் கேஸ்கெட்டைப் பாக்கணும்."

ஓடும் இன்ஜினில் ஆயில் மூடியைத் திறந்து காட்டினார். உள்ளிருந்து புகை குபுகுபுவென்று வந்தால் ரிங் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தமாம். இதில் லேசாகத்தான் வந்தது. ஏர் ஃபில்டரைக் கழற்றித் தட்டினார். நம் பூந்தமல்லி சாலைப் புழுதி ஒரு படி இருக்கும். பிரேக்குக்குக் காற்றுச் சேரும் டேங்கின் அடித்திருகைத் திறந்தார். துருத் தண்ணீர் கொட்டியது. தினமும் வடிக்க வேண்டியது, பல மாதமாக யாரும் வடிக்கவில்லை. டேங்கில் தண்ணீர் நிறைந்தால் காற்றுக்கு இடம் குறையும், வால்வும் துருவேறும். மண் லோடோடு இறங்கும்போது பிரேக் பிடிக்காது.

"இந்தக் காலத்து வண்டின்னா லேப்டாப்பை மாட்டிப் பாக்கணும். 2020 ஏப்ரல்ல பிஎஸ் 6 வந்த பிறகு சென்சார், யூரியா தொட்டின்னு எல்லாம் சேர்ந்துடுச்சு. இது பழைய பம்ப், பழைய நாசில். பம்ப் கடையில கழட்டி டெஸ்ட் பண்ணிக் குடுத்துருவான். வண்டிக்கு வயசாகல சார், கவனிப்பு இல்ல" என்றார்.

தம்பி தலையைக் குனிந்துகொண்டான்.

நான்காம் நாள் நடந்ததைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். டிப்பர் பாடியைத் தூக்கும் ஜாக்கியில் ஆயில் கசிந்தது. பாடியைத் தூக்கி நிறுத்திவிட்டுப் பையன் சேசிஸுக்கும் பாடிக்கும் நடுவே தலையை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். நண்பர் அப்போதுதான் உள்ளே வந்தார். "வெளிய வா!" என்று அவர் போட்ட சத்தத்தில் பையன் பதறிப் பின்வாங்கினான். அவனை அவர் திட்டிக்கொண்டிருக்கும்போதே ஹோஸ் வெடித்தது. பாடி வந்து சேசிஸில் உட்கார்ந்தது. அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு தம்பி மெதுவாகச் சொன்னான், "இருபது வருஷமா நானும் அப்படித்தாண்ணா கை விட்டுக்கிட்டு இருந்தேன்."

ஜாக்கி தூக்கத்தான், தாங்க அல்ல. உள்ளே இருப்பது வெறும் ஆயில் அழுத்தம். ஒரு ஹோஸ், ஒரு சீல் போனால் டன் கணக்கான இரும்பு கீழே வரும். தூக்கிய பாடிக்கு இரும்பு முட்டு கொடுக்காமல் அடியில் கை வைக்கவே கூடாது. அன்று சாயங்காலமே முட்டு ஒன்று வெல்டிங் பண்ணி லாரியோடு சேர்த்துக் கட்டினோம்.

அடுத்தது வாங்கப் போகும் மிஷின். பையனிடம் ஒரு நோட்டும் அளவு டேப்பும் கொடுத்தேன். "போன வருஷம் அப்பாவைக் கூப்பிட்டவங்க வீட்டுக்கெல்லாம் போ. என்ன வேலை, தெரு எத்தனை அடி அகலம், குழி எத்தனை அடி ஆழம், எழுதிக்கிட்டு வா" என்றேன். வீட்டுப்பாடம் கொடுக்கிறேன் என்று முனகினான். ஆனால் எழுதி வந்தான்.

பாதிக்கு மேல் சின்ன வேலைகள். செப்டிக் டேங்க் குழி, பாதாள சாக்கடை இணைப்பு, காம்பவுண்டு சுவருக்கு அஸ்திவாரம், வீட்டுக்குப் பின்னால் தொட்டி. நம் பக்கத்துப் பழைய ஊர்த் தெருக்கள் எப்படி என்று தெரியும். ஒரு பக்கம் படிக்கட்டு, இன்னொரு பக்கம் மின்கம்பம், நடுவில் நிற்கும் பைக்குகள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அம்பத்தூர் தொழிற்பேட்டையும் கொரட்டூரும் தண்ணீரில் நின்றது நினைவிருக்கும். எங்கள் பக்கத்துச் சந்து ஒன்றில் அடைத்த கால்வாயைத் தோண்ட வந்த பெரிய வண்டி, சந்தின் வாயிலேயே நின்று திரும்பிப் போனது. ஆட்கள் கடப்பாரையால்தான் தோண்டினார்கள்.

நாம் மண் தோண்டும் வண்டி எதையும் ஜேசிபி, பொக்லைன், ஹிட்டாச்சி என்று வாய்க்கு வந்தபடி சொல்கிறோம். மூன்றும் கம்பெனிப் பெயர்கள்: இங்கிலாந்து, பிரான்ஸ், ஜப்பான். பெயர் எதுவானாலும் வேலை வேறு வேறு. ஜேசிபி என்று நாம் சொல்லும் டயர் வண்டி ஏழரை அடி அகலம். பின்பக்கக் கையால் பதினைந்து அடி வரை தோண்டும். முன்பக்கப் பக்கெட்டில் ஒரு கன மீட்டருக்கு மேல் அள்ளி லாரியை நிரப்பிவிடும். சாலையில் தானே ஓடிப் போகும். ஆனால் தோண்டும்போது இரண்டு பக்கமும் கால் ஊன்ற இடம் வேண்டும், கை பின்னால் அரைவட்டம்தான் சுற்றும்.

மூன்று டன் மினி ஐந்தடிச் சொச்சம்தான் அகலம். நின்ற இடத்தில் முழு வட்டம் சுற்றும். ரப்பர் செயின் என்பதால் தார் ரோடு அதிகம் கெடாது. ஆழம் எட்டு, ஒன்பது அடி. பக்கெட் சின்னது, லாரி நிரப்ப ரொம்ப நேரம் ஆகும். ஏரியில் மண் எடுக்கும் வேலைக்கு அது லாயக்கில்லை. முக்கியமாக, சாலையில் ஓடாது, யாராவது ஏற்றிக்கொண்டு போக வேண்டும். 407 மாதிரிச் சின்ன வண்டி தாங்கும் பாரம் இரண்டேகால் டன் சுமார். மூன்று டன் மிஷினை அதில் ஏற்றுவது தவறு.

இதைப் படித்ததும் பையனே நிமிர்ந்து பார்த்தான். "அப்போ அப்பா லாரி வேணும் பெரியப்பா."

ஆமாம். எதை விற்று மிஷின் வாங்க நினைத்தானோ, அது இல்லாமல் அந்த மிஷின் வேலைக்கே போக முடியாது.

உடனே வாங்கவில்லை. மூன்று மாதம் மினியை வாடகைக்கு எடுத்து ஓட்டினான். நோட்டில் வாடகை, டீசல், பேட்டா, சும்மா நின்ற நாள் எல்லாம் எழுதினான். பிறகு பழைய மினி ஒன்று பார்த்தோம். மீட்டர் குறைவான மணி நேரம்தான் காட்டியது. நண்பர் மீட்டரைப் பார்க்கவே இல்லை. பெடல் ரப்பர் தேய்ந்திருந்தது. பக்கெட்டைத் தரையில் ஊன்றி அசைத்துப் பார்த்தபோது பின்னும் புஷ்ஷும் லொடலொடவென்று ஆடின. பக்கெட்டில் மண்ணை நிரப்பித் தூக்கி, இன்ஜினை நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போனோம். திரும்பி வந்தபோது பக்கெட் தரைக்கு வந்திருந்தது. மதிப்பெண் பட்டியலில் அழித்து எழுதியதைக் கண்டுபிடிப்பது போல இருந்தது எனக்கு. அதை வேண்டாமென்றோம். அடுத்து பார்த்த வண்டி தேறியது. கடன் ஜேசிபிக்குக் கேட்டதில் பாதிக்கும் கீழே. அதற்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டேன்.

எல்லாம் சுபம் என்று சொல்ல மாட்டேன். ஐப்பசி, கார்த்திகை மழையில் பல நாள் வேலை இல்லை, ஒரு தவணைக்கு நான்தான் பணம் கொடுத்தேன். லாரிக்கு எஃப்.சி. ஒவ்வொரு வருடமும் தலைவலிதான். 2022 முதல் 15 வருடம் தாண்டிய வண்டிகளுக்குக் கட்டணம் பல மடங்கு. அதையும் நோட்டில் செலவாக எழுதித்தான் கணக்குப் பார்க்கிறோம். கட்டுப்படியாகாத நாள் வந்தால் லாரியைக் கொடுத்துவிட வேண்டியதுதான். ஆனால் அதை நோட்டு சொல்லட்டும்.

இப்போது தினமும் காலையில் பையன் ஏர் டேங்கில் தண்ணீர் வடிக்கிறான், டீசல் ஃபில்டரில் சேர்ந்த தண்ணீரை விடுகிறான். ஞாயிற்றுக்கிழமை கிங் பின்னுக்கும் பட்டை பின்னுக்கும் கிரீஸ் அடிக்கிறான். தேதி போட்டு எழுதுகிறான். மாதம் ஒருமுறை நோட்டைக் கொண்டுவந்து காட்டுகிறான். பழைய பழக்கம், நானும் சிவப்பு மையில் கையெழுத்துப் போடுகிறேன்.

உங்கள் வீட்டில் யாராவது டிப்பர் ஓட்டினால், இன்று போன் பண்ணி ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: பாடிக்கு முட்டு இருக்கிறதா? இல்லை என்றால் இந்த வாரமே செய்யச் சொல்லுங்கள்.