விசையும் விரலும்

பொலிசார் கையிலுள்ள துப்பாக்கி எண்ணாத வேளையில் வெடித்து ஓர் உயிர் மாயும்போது, 'தற்செயல்' என்று கூறி அமைதி காணுதல் எளிது. ஆயின், அச்சொல் எதனையும் விளக்குவதில்லை.

2014 நவம்பர் 20 ஆம் திகதி இரவு, நியூயோர்க் நகரின் புறூக்ளின் பகுதியில், பொதுக் குடியிருப்பு மாடியொன்றை இரு இளம் உத்தியோகத்தர்கள் சுற்றிவந்தனர். அவருள் ஒருவர், ஒரு கையில் மின்விளக்கும் மறு கையில் உருவிய கைத்துப்பாக்கியுமாக, இருண்டு கிடந்த படிக்கட்டின் கதவைத் திறந்தார். ஏதோ ஒலி கேட்டது, துணுக்குற்றார், துப்பாக்கி வெடித்தது. சுவரிற் பட்டுத் தெறித்த சன்னம், கீழ்த்தளத்திலிருந்து அப்படிக்கட்டினுள் நுழைந்த 28 வயதினரான ஒருவரின் மார்பிற் பாய்ந்தது. அவர் ஆயுதமேந்தியவரல்லர், குற்றம் புரிந்தவருமல்லர். அவ்விரவே அவர் இறந்தார்.

இத்தகைய விபத்துக்கு அஞ்சியே அந்நகரப் பொலிசாரின் கைத்துப்பாக்கிகளில், சாதாரணமாக 5 அல்லது 6 றாத்தல் விசைக்கு இயங்கும் குதிரை, ஏறக்குறைய 12 றாத்தல் விசையை வேண்டுவதாக மாற்றப்பட்டிருந்தது. தம் விரல் குதிரையின்மீது இருக்கவில்லை என உத்தியோகத்தர் சாட்சியமளித்தார். 2016 இல் நடந்த விசாரணையில் ஜூரிமார் அக்குதிரையைத் தாமே இழுத்துப் பார்த்தபின் அவரைக் குற்றவாளியெனக் கண்டனர். பின்னர் நீதிபதி குற்றத்தின் தரத்தைக் குறைத்து, ஐந்தாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும் 800 மணிநேரச் சமூகசேவையும் விதித்தார்.

கடினமான குதிரையும் காக்கத் தவறியது ஏன்? மனித உடலியல்பே இதற்கு விடை கூறும். திடுக்குறும்போது கைத்தசைகள் தாமாகவே இறுகும். கால் இடறி நிலைதடுமாறும்போதும் அவ்வாறே. ஒரு கை எதனையேனும் வலிந்து பற்றினால் மறு கையும் உடன் இறுகும். இவை அறிவின் ஆணைக்குக் காத்திருப்பனவல்ல. உடலியல் அறிஞர் றொஜர் எனோக்கா இம்மூன்றையுமே எண்ணாது வெடித்தலின் காரணங்களாக எடுத்துரைத்துள்ளார். விரல் குதிரையின்மீது இருக்குமாயின், அவ்வேளையில் எழும் விசை 12 றாத்தலையும் மிஞ்சக்கூடும்.

எனவே, நடுங்காத கையைத் தேடுவதிற் பயனில்லை. சுடத் துணியும்வரை விரலைக் குதிரைக்குப் புறத்தே நீட்டிவைத்தல், துப்பாக்கி வாயை மனிதர் இருக்கக்கூடிய திசைக்குத் திருப்பாதிருத்தல், துப்பாக்கி ஏந்திய வேளையில் மறு கைக்குப் பிறிதொரு வேலை கொடாதிருத்தல் ஆகிய மூன்றும் பழக்கமாதல் வேண்டும். அப்பழக்கமும் பகலொளியில், அமைதியான பயிற்சிக் களத்தில் மட்டும் பெறப்படுவதாயின், இருளிலும் அச்சத்திலும் கைகொடாது.

இவற்றினும் முந்தியது, துப்பாக்கியை உருவ வேண்டிய தேவை உண்டா என்னும் வினா. அன்று அந்தப் படிக்கட்டில் எதிரி எவருமில்லை; எரியாத விளக்கே இருந்தது. அதனை எரியச்செய்வதும் உயிர்காக்கும் பணியே.