அவள் அவரான நாள்

‘எழுந்தாள்’ என்று எழுதியிருந்தேன். அந்த ஒற்றைச் சொல்லுக்குப் பக்கத்தில், ஓரத்தில், என் பீட்டா ஒரு குறிப்புப் போட்டிருந்தாள்: ‘இந்த வயதில் யாரும் தரையிலிருந்து இப்படி எழுந்திருப்பதில்லை. முதலில் கை ஒரு பிடிமானத்தைத் தேடும். அப்புறம் ஒரு முட்டி. நடுவில் நின்று கொஞ்சம் மூச்சு வாங்க வேண்டும். அதற்குப் பிறகுதான் மற்ற முட்டி. திருத்து.’

எழுந்தவள் மிஸஸ் ஹட்சன். பேக்கர் தெருவில் ஷெர்லக் ஹோம்ஸ் குடியிருந்த வீட்டின் வீட்டுக்கார அம்மாள். ஆர்தர் கானன் டாயில் 1893-ல் ஹோம்ஸை அருவியில் தள்ளிக் கதையை முடித்தார். வாசகர்கள் விடவில்லை. பத்து வருடம் கழித்து, 1903-ல் வந்த ‘காலி வீடு’ கதையில், உயிரோடு திரும்பக் கொண்டுவந்தார். ஹோம்ஸைச் சுடக் காத்திருக்கும் எதிரியை ஏமாற்ற, அவருடைய மெழுகுச் சிலை ஒன்றை ஜன்னலோரம் வைக்கிறார்கள். திரைச்சீலையில் விழும் நிழல் அசையாமலே இருந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். அதனால் கால் மணிக்கு ஒரு முறை, இரண்டு மணி நேரத்தில் எட்டு முறை, சிலையின் நிலையை மாற்றி வைத்தது இந்த அம்மாள்தான். தன் நிழல் விழாமல் இருக்க முட்டி போட்டுப் போய்த் திருப்பினாள். குண்டு எந்த நிமிடமும் வரலாம். வந்தும் விட்டது. சிலையைத் துளைத்துச் சுவரில் பட்டு விழுந்த குண்டைக் கம்பளத்திலிருந்து பொறுக்கி வைத்ததும் அவளே.

டாயில் இதற்குக் கொடுத்த இடம் சில வரிகள். அந்த நேரம் முழுக்கக் கதை வாட்சனோடும் ஹோம்ஸோடும் எதிர்வீட்டு இருட்டில் உட்கார்ந்திருக்கிறது. அந்த அறைக்குள் இரண்டு மணி நேரம் தனியாக இருந்தவள் என்ன நினைத்துக்கொண்டிருந்தாள்? மூலத்தில் விடுபட்ட இந்த மாதிரி ஓர் ஓட்டை கிடைத்தால் போதும், நான் உள்ளே நுழைந்துவிடுவேன். ஃபேன் ஃபிக்‌ஷன் என்கிற ரசிகர் புனைவில் எனக்குத் தெரிந்த வேலை அதுதான். காசு வராத வேலை.

தமிழ் வாசகருக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. சாபம் தீர்ந்த அகலிகை அப்புறம் எப்படிக் குடித்தனம் நடத்தினாள் என்று கேட்டுப் புதுமைப்பித்தன் ‘சாப விமோசனம்’ எழுதினார். ‘பொன்னியின் செல்வ’னில் கல்கி விட்ட இடத்திலிருந்து விக்கிரமன் ‘நந்திபுரத்து நாயகி’ எழுதினார். அமெரிக்காவில் 1966-ல் ‘ஸ்டார் ட்ரெக்’ தொலைக்காட்சித் தொடர் தொடங்க, அடுத்த வருடமே ‘ஸ்பாக்கனேலியா’ என்று ரசிகர்கள் ஓர் இதழ் கொண்டுவந்தார்கள். அந்தக் கால ரசிகர் இதழ்களில் பல, சைக்ளோஸ்டைலில் உருட்டி எடுத்தவை. நம் ஊர்க் கையெழுத்துப் பத்திரிகைகளுக்குத் தூரத்து உறவு. மாநாடுகளில் ஒரு மேசை போட்டு விற்பார்கள். எழுதியவர் மேசைக்கு அந்தப் பக்கம் நிற்பார், அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் கதையை வாங்குவார்கள். இணையம் இந்த வரிசையைத் தலைகீழாக்கிவிட்டது. என் தலைமுறைக்குக் கதை முதலில் வந்தது. முகம் பிறகு வரலாம், வராமலும் போகலாம்.

மென்பொருளை வெளியே விடுவதற்கு முன் சிலரிடம் கொடுத்து ஓட்டிப் பார்க்கச் சொல்வார்களே, அந்தப் பழக்கத்திலிருந்து வந்த பெயர் ‘பீட்டா’. கதை வெளியே போகுமுன் அதைப் படித்துக் குறை சொல்கிறவர். என் பீட்டாவும் நானும் 2013-லிருந்து ஒருவர் எழுதியதை ஒருவர் திருத்திக்கொண்டிருந்தோம். புனைபெயர் மட்டும் தெரியும். ஊர், வேலை, குடும்பம் எதையும் கேட்பதில்லை. எங்கள் கூட்டத்தில் அது எழுதாத சட்டம். அலுவலகத்துக்குத் தெரிந்தால் சிரிப்பார்கள், வீட்டுக்குத் தெரிந்தால் இதெல்லாம் ஒரு வேலையா என்பார்கள். ஆளாளுக்கு ஒரு காரணம்.

ஆனால் ஓட்டையைக் கண்டால் அடைக்கிறவர்கள் நாங்கள். சும்மா இருப்போமா? அவளுக்கு நான் ஒரு முகம் செய்து வைத்திருந்தேன். வயது இருபத்தைந்து. வாக்கியத்தைப் பெரிய எழுத்தில் தொடங்கும் பொறுமைகூட இல்லாதவள், கெட்ட வார்த்தைக்கு அஞ்சாதவள், அறையில் ஒரு பூனை உண்டு. அவளும் எனக்கு ஒன்று செய்திருந்தாள் என்பது பிறகு தெரிந்தது. ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணம் படித்து வளர்ந்த என் ஆங்கிலத்தை வைத்து, ஓய்வுபெற்ற ஆண் வாத்தியார் என்று முடிவு கட்டியிருந்தாளாம்.

2019 ஆகஸ்டில் உலக அறிவியல் புனைவு மாநாடு டப்ளினில் நடந்தது. ரசிகர் புனைவுக்கென்றே நடக்கும் மாநாடு இல்லை அது. ஆனால் எங்கள் கதைகளெல்லாம் குடியிருக்கும் ‘ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன்’ தளம் அந்த வருடம் அங்கே வழங்கும் ஹ்யூகோ விருதின் இறுதிப் பட்டியலில் இருந்தது. கல்யாணம் நம் வீட்டில் என்றால் போகாமல் இருக்க முடியுமா? அப்போது நான் லீட்ஸில் வேலையில் இருந்தேன். ரயிலில் ஹோலிஹெட் போய்க் கப்பல் ஏறினேன். மூன்றேகால் மணி நேரக் கடலில், அந்த இருபத்தைந்து வயது முகத்துக்கு மூக்குக் கண்ணாடி போடலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு வந்தேன்.

லிஃபி ஆற்றங்கரையில், கண்ணாடிப் பீப்பாய் ஒன்றைச் சாய்த்து வைத்தாற்போல இருக்கும் மாநாட்டுக் கட்டடம். அதற்குப் பக்கத்து டிராம் நிறுத்தத்தில் சந்திப்பது என்று ஏற்பாடு. அடையாளம், பச்சைக் கழுத்துத்துணி. டிராம் வந்தது, கூட்டம் இறங்கியது. நான் இளம்பெண்களின் கழுத்தாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்வைக்குக் குறுக்கே ஒரு கைத்தடி வந்து நின்றது. வெள்ளைத் தலை. பச்சைத் துணி. என் புனைபெயரைக் கேள்வியாகச் சொன்னது அந்தக் குரல். என் பெயரில் ஒரு ழகரம் உண்டு. ஆங்கிலத்தில் எழுதினால் அது என்ன பாடுபடும் என்று நமக்குத் தெரியும். ஆறு வருடமாக அந்தப் பெயரை மனத்துக்குள் வண்டு ரீங்கரிப்பதுபோலச் சொல்லி வந்திருக்கிறார்.

ஆம், ‘சொல்லி வந்திருக்கிறார்’. இதற்கு மேல் ‘அவள்’ என்று எழுத என் கை வராது.

“நீ வாத்தியார் இல்லையா?” என்றார். “நீங்கள்…” என்று தொடங்கிய நான் அதோடு நின்றுவிட்டேன். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். ஆனால் என் முதுகு தானாக வளைந்ததில் எது ‘நீங்கள்’ என்று எனக்குத் தெரிந்தது. அவருடைய கைப்பையை வாங்கிக்கொள்ளக் கை நீண்டது. ஒரு காற்புள்ளிக்காக நான்கு நாள் சண்டை போட்டது இந்த அம்மாளோடுதானா? ‘உனக்குக் காதே கிடையாது’ என்று ஒரு முறை எழுதியிருந்தேனே. தமிழில் அறிமுகமாகியிருந்தால் முதல் நாளே வயது தெரிந்திருக்கும். அவர் சொன்னதற்கெல்லாம் ‘சரிங்கம்மா’ போட்டிருப்பேன். என் கதைகள் பாதி அளவுகூடத் தேறியிருக்காது.

முதல் ஒரு மணி நேரம் சங்கடம். எழுத்தில் என்றால் ஒரு வரி அடிக்கலாம், அழிக்கலாம், நாளைக்குப் பதில் சொல்லலாம். முகத்தை அழித்து எழுத முடியாது. எங்களோடு மூன்றாவதாக ஒருத்தி, ஜெர்மனியிலிருந்து வந்திருந்தாள். அவள் எனக்கு அனுப்பும் கருத்துகள் எப்போதும் விடியற்காலை நான்கு மணிக்கு வரும், ஒற்றை வரியில். தூக்கம் வராத, மனிதரைப் பிடிக்காத கவிஞி என்று அவளுக்கும் ஒரு கதை கட்டியிருந்தேன். மருத்துவமனையில் இரவு நேரச் செவிலி அவள். ஒரு நோயாளிக்கும் அடுத்த நோயாளிக்கும் இடையில், நின்றபடி, ஒரு கையால் அடித்த வரிகள் அவை. நான் விறைப்பு என்று நினைத்தது நேரமின்மை.

பேச்சு ஓடாததைப் பார்த்து, பீட்டா தன் பையிலிருந்து அச்செடுத்த தாள்களையும் பென்சிலையும் வெளியே எடுத்தார். என் அரைகுறைக் கதை. நடுவில் வேலை ஒன்று வந்ததும் மூவருக்கும் வாய் திறந்தது. அப்போதுதான் என் எழுத்தில் இருந்த ஒரு கோளாறு எனக்கே தெரிந்தது. அவர் பேசும்போது வாக்கியங்கள் முடிவதே இல்லை. “இந்த இடம் பாரு, இங்கே…” என்பார், மீதியைப் பென்சில் முனை சொல்லும். செவிலி தலையை மட்டும் ஆட்டுவாள். என் கதைகளிலோ எல்லோரும் எழுவாய் பயனிலையோடு பேசினார்கள். திரையில் படித்த கருத்துகளை வைத்துப் பேச்சைக் கற்றுக்கொண்டவன் எழுதுவதுபோல, மிஸஸ் ஹட்சன்கூடக் கடிதம் வாசிப்பவளாகப் பேசிக்கொண்டிருந்தாள்.

பென்சிலால் குறித்துக்கொண்டே, “இந்த முட்டி” என்று தன் வலது காலைத் தட்டினார். அறுவை சிகிச்சை நடந்து எட்டு வருடம் ஆகிறதாம். கார்க் நகரில் ஒரு நூலகத்தில் கீழ்த் தட்டுப் புத்தகங்களை அடுக்கிக் குனிந்தே தேய்ந்த முட்டி. அந்த ஓரக் குறிப்பைப் படித்தபோது, இந்தச் சின்னப் பெண்ணுக்கு என்ன கூர்மையான கவனிப்பு என்று மெச்சியிருந்தேன். கவனித்து எழுதியது இல்லை அது. வலித்து எழுதியது.

எங்கள் கூட்டத்தில் மூலக்கதையைக் கேனன் என்பார்கள். கேனன் வாய் திறக்காத இடத்தில் என்ன வேண்டுமானாலும் எழுதலாம். அடுத்த பாகம் வந்து வேறு மாதிரி சொல்லிவிட்டால், நாம் எவ்வளவு அழகாக எழுதியிருந்தாலும் அது நம் கற்பனை, அவ்வளவுதான். சிலர் அழிப்பார்கள், சிலர் அப்படியே வைத்துக்கொள்வார்கள். பூனையும் மூக்குக் கண்ணாடியுமாக நான் ஆறு வருடம் எழுதி வைத்திருந்தவளை அந்த மேசையில்தான் விட்டேன். கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது. அவளோடு எனக்கு நல்ல பழக்கம்.

18-ஆம் தேதி, ஞாயிறு இரவு, விருது விழா. அறிவியல் புனைவோடு தொடர்புடைய படைப்புகளுக்கான ஹ்யூகோ எங்கள் தளத்துக்குக் கிடைத்தது. அப்போது அதில் ஐம்பது லட்சத்துக்கு மேல் ஆக்கங்கள் இருந்தன. தளத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான நாவலாசிரியர் நவோமி நோவிக் மேடை ஏறினார். அரங்கின் விளக்குகளைப் போடச் சொன்னார். இந்தச் சமூகத்தில் தனக்கும் பங்குண்டு என்று நினைப்பவர்கள் எல்லோரும் ஒரு நிமிடம் எழுந்து நிற்குமாறு கேட்டுக்கொண்டார்.

செவிலி துள்ளி எழுந்தாள். நானும் எழுந்தேன். பக்கத்தில் திரும்பினேன். அவர் கை முன்னிருக்கையின் விளிம்பைத் தேடியது. அப்புறம் ஒரு முட்டி. நடுவில் நின்றார். அரங்கம் முழுக்க ஆட்கள் எழுந்துகொண்டிருந்த சத்தம். மூச்சு வாங்கினார். பிறகு மற்ற முட்டி. அவர் சொன்னபடியே நான் மூன்று முறை திருத்தி எழுதிய வரிசை அது, இம்மி பிசகவில்லை. ஒன்று மட்டும் என் கதையில் இல்லை. பாதியில் நின்ற அந்த நேரத்தில் அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

திரும்பும் கப்பலில் ஒரு பயம் பிடித்துக்கொண்டது. இனிமேல் இவரோடு எப்படிச் சண்டை போடுவது? ‘நீங்கள்’ ஒரு முறை உள்ளே வந்துவிட்டால் எளிதில் வெளியே போகாது. ‘காது கிடையாது’ என்று இனி எழுத வருமா?

லீட்ஸ் வந்ததும் கோப்பைத் திறந்தேன். எட்டாவது முறை சிலையைத் திருப்பிவிட்டு, மிஸஸ் ஹட்சன் ஜன்னலை விட்டு விலகி வந்து எழுந்திருக்கிறாள். கை, ஒரு முட்டி, நிறுத்தம். அந்த நிறுத்தத்தில் அவளைச் சிரிக்க வைத்து, கார்க்குக்கு அனுப்பினேன்.

மறுநாள் ஓரக் குறிப்பு வந்தது: ‘எதற்குச் சிரிக்கிறாள்? காரணம் இல்லை. எடுத்துவிடு.’

இந்த முறை சண்டை ஐந்து நாள் நடந்தது.