எழுதிய கைக்கும் பெயருண்டு

முத்தியால்பேட்டையில் எமது பங்குத் திருவிழா மலரைச் சென்ற ஆண்டு நாம் தொகுத்தோம். நன்கொடையாளர் பெயர்கள் இரண்டு பக்கங்களை நிறைத்தன. இரவெல்லாம் கண்விழித்து, கணினியில் தட்டச்சிட்டுப் பிழை திருத்திய இளம்பெண்ணின் பெயரோ எங்குமில்லை. ஒருவர் சுட்டிக்காட்டியபோது, வலக்கை செய்யும் அறத்தை இடக்கை அறியலாகாதே என்று சமாதானம் கூறினோம்.

அண்மையில் மதுரைத் திட்டத்தின் மின்னூல்களைப் பார்வையிட்டோம். சுவிட்சர்லாந்தில் வாழும் முனைவர் கல்யாணசுந்தரம் 1998 பொங்கலன்று தொடங்கிய தன்னார்வப் பணி அது. பழந்தமிழ் நூல்களை எவரும் விலையின்றிப் பெறலாம். நூலின் முகப்பிலேயே தட்டச்சிட்டவர், மெய்ப்புப் பார்த்தவர் பெயர்கள் நன்றியுடன் பொறிக்கப்பட்டுள்ளன. ஊதியமில்லாப் பணிக்கு அந்த ஒரு வரியே கூலி.

அப்போது தெர்த்தியு நினைவுக்கு வந்தார். பவுலடியார் உரோமையருக்கு விடுத்த திருமுகத்தைக் கைப்பட எழுதியவர் அவர். 16ஆம் அதிகாரத்தில் தம் பெயர் கூறி வாழ்த்துகின்றார். இருபது நூற்றாண்டுகளாக அவ்வரியைத் திருச்சபை நீக்கவில்லை.

மறைவாகச் செய்க என்பது கொடுப்போருக்கு இட்ட கட்டளை. பெறுவோர் மறந்துவிடலாம் என்னும் அனுமதி அன்று. இதனை உணர்ந்து அப்பெண்ணின் இல்லம் சென்று மன்னிப்புக் கோரினோம். "பரவாயில்லை ஐயா" என்றார், கண்கள் கலங்கின.

அன்பர்களே, உங்கள் பங்கு மலர் அச்சேறுமுன் ஒருமுறை எண்ணிப் பாருங்கள்: விடுபட்ட பெயர் எது?