சாய்வது அடிவானமா, விமானமா?

மேகத்தினுட் புகுந்த விமானி தன் உடலுணர்வை நம்பலாகாது. விமானம் மெல்ல மெல்ல ஒருபுறஞ் சாயுமாயின் உட்செவி அதனை அறிந்து சொல்வதில்லை. சாய்ந்து வட்டமிடும் விமானத்திலிருப்பவன் நேரே செல்வதாகவே எண்ணுவான். இக்குறையை நீக்க வந்ததே செயற்கை அடிவானம் என்னும் கருவி. விரைந்து சுழலும் பம்பரம் தன் அச்சை விட்டு எளிதில் விலகாது என்பதே அதன் அடிப்படை. 1929ஆம் ஆண்டு செப்டெம்பர் 24ஆந் திகதி, அமெரிக்கரான ஜிம்மி டூலிட்டில், வெளியே எதுவுந் தெரியாதபடி மூடிய இருக்கையிலமர்ந்து, கருவிகளை மட்டும் நோக்கி விமானத்தை ஏற்றி இறக்கிக் காட்டினார்.

ஆனால் சாய்வைக் கண்ணுக்கு எவ்விதங் காட்டுவது? இங்கேதான் உலகம் இரண்டாகப் பிரிந்தது. மேல்நாட்டுக் கருவியில் விமானச் சின்னம் அசையாது நிற்கும். அடிவானக் கோடே சாயும். விமானம் வலப்புறஞ் சாய்ந்தாற் கோடு இடப்புறஞ் சாய்ந்து தோன்றும். யன்னலூடாகப் பார்ப்பவன் காண்பதும் அதுவே. சோவியத் நாட்டார் இதனை மாற்றினர். அவர்கள் கருவியிற் கோடு சாயாது, சின்னமே சாயும். பின்னால் நின்று விமானத்தை நோக்குபவன் காணுங் காட்சி அது.

யன்னற் காட்சியே இயல்பானது என நாம் முடிவுகட்டிவிடலாம். எனினும், நிலையத்தில் நிற்கும் புகையிரதத்தில் இருக்கையிற் பக்கத்து வண்டி நகர, நம் வண்டியே நகர்வதாக மயங்காதார் யார்? அசையும் பொருளையே தான் செலுத்தும் பொருளென விமானியின் கண் கொண்டுவிட்டால், சாய்ந்த கோட்டை நிமிர்த்தப் போய் விமானத்தை மேலுஞ் சாய்த்துவிடுவான். 1947இல் பிட்ஸ், ஜோன்ஸ் என்னும் அமெரிக்க ஆய்வாளர் இருவர், கருவிகளைப் பிழையாக வாசித்த 270 அனுபவங்களை விமானிகளிடமிருந்து திரட்டி ஆராய்ந்தபோது, இத்தகைய தலைகீழ் மயக்கமும் அவற்றுள் இருந்தது.

2008 செப்டெம்பர் 14ஆந் திகதி இரவு, மொஸ்கோவிலிருந்து பேர்ம் நகருக்குச் சென்ற போயிங் 737 விமானம் இறங்கும் வேளையில் வீழ்ந்து, அதிலிருந்த 88 பேரும் மாண்டனர். பயிற்சிக் குறை உட்படக் காரணங்கள் பல கூறப்பட்டன. விமானிகள் இருவரும் முன்னர் ஓட்டிப் பழகியவை சோவியத் முறைக் கருவி பூண்ட விமானங்கள் என்பதையும் விசாரணையாளர் சுட்டினர். எம்முறை சிறந்தது என்னும் வாதத்தினும், ஒன்றிற் பழகிய கையிடம் மற்றொன்றைப் போதிய பயிற்சியின்றி ஒப்படைப்பதே நமக்குப் பெருங்குற்றமாகப் படுகிறது. அமைதியான வேளையிற் புதுப்பாடம் நினைவிலிருக்கும். இருளிலும் பதற்றத்திலும் கை பழைய பாடத்தையே நாடும்.