சாதுவான நாய் ஒன்று வேண்டும்

மலருக்குக் கட்டுரை கொடு, கட்டுரை கொடு என்று மலர்க்குழு நண்பன் ஒரு மாதமாக என் பின்னாலேயே சுற்றினான். "என்ன தலைப்புடா?" என்றான். "நாய்" என்றேன். "யாரைத் திட்டப் போற?" என்று கேட்டான். யாரையும் இல்லை, நிஜமாகவே நாலுகால் நாயைப் பற்றித்தான். திட்டு வாங்க வேண்டிய ஆள் இதில் ஒருவன் உண்டு. அவன் நான்தான்.

எங்கள் வீடு தளியிலிருந்து ஜவளகிரி போகும் சாலையில் இருக்கிறது. குளிருக்காக 'குட்டி இங்கிலாந்து' என்று பேர் வாங்கிய ஊர். அப்பாவுக்கு ஓசூர் சிப்காட்டில் ஷிஃப்ட் வேலை. அம்மா காலை ஏழு மணிக்கு ரோஜா பசுமைக்குடிலுக்குக் கிளம்பினால் சாயங்காலம்தான் திரும்புவார். தங்கச்சி ஏழாம் வகுப்பு. நான் பாதி நாள் காலேஜில், மீதி நாள் பஸ்ஸில். ஆக, பகல் முழுக்க வீட்டில் இருப்பது பாட்டியும் அவருடைய கைத்தடியும்தான். போன வருஷம் பாட்டி கொல்லைப்புறத்தில் வழுக்கி விழுந்து, தங்கச்சி ஸ்கூல் விட்டு வரும்வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் அப்படியே கிடந்தார். எலும்பு முறியவில்லை, அதுவே பெரிய விஷயம். அதற்கப்புறம்தான் வீட்டில் நாய்ப் பேச்சு வந்தது. நாய் வந்து தூக்கிவிடுமா என்ன? குரைத்தாலாவது பக்கத்து வீட்டில் கேட்குமே என்று ஒரு நப்பாசை.

அம்மா போட்ட கண்டிஷன் இரண்டே இரண்டு. "சாதுவா இருக்கணும். செலவு வைக்கக் கூடாது."

நானோ மெக்கானிக்கல். டிசைன் டேட்டா புக்கில் மெட்டீரியல் தேடுகிற மாதிரி ஒரு டேபிள் போட்டேன். முதலில் நம்ம ஊர் இனங்கள். ராஜபாளையம் வெள்ளை வெளேர் என்று, மூக்குகூட ரோஸ் நிறத்தில், அழகான நாய். 2005-ல் தபால் தலையில்கூட இடம்பிடித்தது. ஆனால் காவலுக்கும் பன்றி வேட்டைக்கும் பேர்போனது. அந்நியரைக் கிட்டே சேர்க்காது. அதோடு சில குட்டிகள் பிறக்கும்போதே காது கேளாமல் இருக்கும் என்று படித்தேன். கோம்பையும் காவல் நாய்தான். சிப்பிப்பாறையும் கன்னியும் பராமரிக்கச் சுலபம். குட்டை முடி, ஒட்டிய வயிறு, சாப்பாடும் அளவு. ஆனால் ஓட்டத்துக்கென்றே பிறந்த ஜாதி. முயலைக் கண்டால் நிற்காது. எங்கள் வீட்டுக்குப் பின்னால் நாலு வயல் தாண்டினால் காடு. அது போய் ஒரு முயலைப் பிடித்தால், 1972-ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டப்படி நான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்!

தங்கச்சிக்கு பக் வேண்டும். 2003-ல் வந்த ஹட்ச் விளம்பரத்தை யூடியூபில் பார்த்துவிட்டு ஒரே அடம். அதற்குச் சப்பை மூக்கு. வெயிலில் மூச்சு வாங்கும், முக மடிப்பை அடிக்கடி துடைக்க வேண்டும், கண்ணில் சுலபமாகப் புண் வரும். 'செலவு வைக்கக் கூடாது' என்ற கட்டத்திலேயே அது ஃபெயில். கடைசியில் எல்லாரையும் போல நானும் லாப்ரடாரில் வந்து நின்றேன். சாது என்றால் லாப்ரடார் என்று ஊரே சொல்கிறதே!

எல்லை தாண்டி பெங்களூரில் ஒருவரிடம் வாங்கினோம். எனக்கு இன்பிளான்ட் ட்ரெயினிங்கில் கிடைத்த பணம் அத்தனையும் அதில் போயிற்று. "நாற்பத்தஞ்சு நாள் குட்டி, மொத ஊசி ஆச்சு" என்று ஒரு அட்டையைக் கொடுத்தார். தாயைக் காட்டவில்லை. நானும் கேட்கவில்லை. ஒரு போல்ட் வாங்கினால்கூட மூன்று தரம் திருப்பிப் பார்க்கிறவன், ஒரு உயிரை வாங்கும்போது பார்க்கவில்லை.

பிரவுனி என்று பேர் வைத்தோம். பாட்டியின் செருப்பில்தான் தூங்கும். சாப்பாட்டைக் கண்டால் பைத்தியம். (2016-ல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தது: லாப்ரடார்களில் ஏறக்குறைய நாலில் ஒன்றுக்கு ஒரு ஜீனில் ஒரு சின்னத் துண்டு இல்லாததால் பசி அடங்குவதே இல்லையாம். நம் ஹாஸ்டல் நண்பர்கள் சிலருக்கும் இதே கோளாறு என்பது என் சொந்த ஆய்வு.)

அடுத்த ஊசிக்கு அட்டையில் தேதி போட்டிருந்தது. அன்றைக்கு எனக்கு ஃப்ளூயிட் பவர் பிராக்டிகல். மறுநாள் பார்த்துக்கலாம் என்றேன். மறுநாள் ரெக்கார்ட் சப்மிஷன். அப்புறம் ஞாயிற்றுக்கிழமை. இப்படியே ஒன்பது நாள் ஓடியது. பத்தாம் நாள் குட்டி சாப்பாட்டைத் தொடவில்லை. வாந்தி. ராத்திரி ரத்தமாகப் பேதி. பாட்டி சொல்கிற 'மாட்டாஸ்பத்திரி'க்கு, அதாவது அரசு கால்நடை மருத்துவமனைக்கு, விடிந்ததும் தூக்கிக்கொண்டு ஓடினேன். பார்வோ என்றார் டாக்டர். மூன்று நாள் சலைன் ஏறியது. நாலாம் நாள் காலையில் என் மடியிலேயே அடங்கிவிட்டது. தங்கச்சி பதினோரு நாள் என்னோடு பேசவில்லை. எண்ணிக்கொண்டிருந்தேன்.

டாக்டர் கோபப்படவில்லை. அதுதான் சங்கடமாக இருந்தது. குட்டிக்கு ஆறிலிருந்து எட்டு வாரத்தில் முதல் ஊசி, பிறகு மூன்று நாலு வாரத்துக்கு ஒரு தரம், பதினாறு வாரம் ஆகும்வரை போட வேண்டும் என்று பொறுமையாகச் சொன்னார். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தியே ஆரம்ப ஊசியை வேலை செய்யவிடாமல் தடுத்துவிடுமாம். அது எப்போது குறையும் என்று சொல்ல முடியாததால்தான் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். அந்த வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில், சமயத்தில் ஒரு வருஷம்கூட உயிரோடு இருக்கும். சோப்புக்குச் சாகாது. பிளீச்சிங் பவுடர் கரைசல் ஊற்றி சிமெண்ட் தரையைக் கழுவலாம், மண் தரையை என்ன செய்வது? "இப்போதைக்கு அந்த வீட்டுக்குக் குட்டி வேண்டாம் தம்பி. வளர்ந்த நாயா பாருங்க. அதுக்கும் ஊசி போட்டுட்டு, ரெண்டு வாரம் கழிச்சுக் கூட்டிட்டு வாங்க."

பிறகு என் டேபிளைக் காட்டினேன். சிரித்தார். "பகல் ரெண்டு மணிக்கு உங்க வீட்ல யாரு இருப்பாங்க?" என்று கேட்டார். பாட்டி என்றேன். "முப்பது கிலோ லாப்ரடார் ஆசையா ஒரு தாவு தாவினா பாட்டி நிப்பாங்களா?" டேபிளில் அந்தக் கட்டமே இல்லை, தோழர்களே! பாட்டிக்காக நாய் தேடினவன், பாட்டியைத் தவிர எல்லாவற்றையும் கணக்கில் எடுத்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். 2022-ல் 'சயன்ஸ்' இதழில் ஒரு ஆய்வு வந்திருக்கிறது. அமெரிக்காவில் பதினெட்டாயிரத்துக்கும் மேற்பட்ட நாய்களைப் பற்றி வளர்ப்பவர்களிடம் கேட்டு, சில ஆயிரம் நாய்களின் மரபணுவையும் பார்த்திருக்கிறார்கள். ஒரு நாய்க்கும் இன்னொரு நாய்க்கும் குணத்தில் இருக்கிற வித்தியாசத்தில் இனத்தால் விளக்க முடிவது சுமார் 9 சதவீதம்தானாம். நான் டேபிள் போட்டது முழுக்க அந்த 9-க்கு.

இரண்டாவது தரம் டேபிள் போடவில்லை. ஆனேக்கல் ரோட்டில் ஒரு லேஅவுட்டில் வாட்ச்மேன் அண்ணா ஒருவர் வேலையை விட்டு ஊருக்குப் போவதாகவும், அவருடைய நாயை யாராவது எடுத்துக்கொள்ள மாட்டார்களா என்று கேட்பதாகவும் அப்பா வந்து சொன்னார். சாதாரண நாட்டு நாய். செம்பட்டை நிறம், பெட்டை, மூணு வயசு இருக்கலாம், கருத்தடை ஆப்பரேஷன் ஆனது. மூன்று தடவை போய்ப் பார்த்தேன். காலையில் ஒன்று, அது சாப்பிடும் நேரத்தில் ஒன்று, இருட்டின பிறகு ஒன்று. லேபில் மூன்று ரீடிங் எடுப்போமே, அது போலத்தான். சைக்கிள் போனால் துரத்துகிறதா, தட்டுக்குப் பக்கத்தில் ஆள் போனால் உறுமுகிறதா, குழந்தை கத்தினால் பதறுகிறதா என்று பார்த்தேன். பிறகு ஊசி போட வைத்தேன். இரண்டு வாரம் கழித்துப் பாட்டியை ஆட்டோவில் அழைத்துப் போனேன். இறங்கும்போது கைத்தடி கை நழுவித் தரையில் பட்டென்று விழுந்தது. நாய் நாலடி விலகி நின்று பார்த்தது. பிறகு மெதுவாக வந்து தடியை மோந்துவிட்டு, பாட்டியிடமிருந்து ஒரு முழம் தள்ளிப் படுத்துக்கொண்டது. தாவவில்லை, நக்கவில்லை. "இது போதும்டா" என்றார் பாட்டி.

ஒரே ஒரு சிக்கல். கெம்பிக்குத் தமிழ் தெரியாது! வாட்ச்மேன் அண்ணா கன்னடத்திலேயே வளர்த்திருக்கிறார். 'வா' என்றால் பார்த்துக்கொண்டே நிற்கும். 'பா இல்லி' என்றால்தான் வரும். இந்த எல்லையில் முப்பது வருஷம் குடியிருந்தும் ஒரு வார்த்தை கன்னடம் பேசமாட்டேன் என்று வைராக்கியமாக இருந்த பாட்டி, இப்போது நாள் பூராவும் 'குத்கோ', 'பேடா' என்கிறார். பக்கத்து வீட்டு அஜ்ஜிக்கு ஒரே சிரிப்பு.

செலவே இல்லையா என்றால், அப்படி ஒரு நாய் உலகத்தில் இல்லை. எங்களுக்குச் செய்கிற ராகிக் களியில் ஒரு உருண்டை, அதோடு முட்டையோ வேகவைத்த கோழிக்கறியோ. மழைக்காலத்தில் தினம் காதுக்குள் உண்ணி பார்க்க வேண்டும். வெறிநாய்க்கடி ஊசி வருஷம் தவறாமல். ராத்திரி கட்டாயம் வீட்டுக்குள். ராகி முற்றும் காலத்தில் ஜவளகிரிக் காட்டிலிருந்து யானை இறங்கும். வெளியில் நாய் இருந்தால் குரைத்துக்கொண்டே போய், யானை திரும்பியதும் நேராக நம்மிடம்தான் ஓடிவரும், பின்னாலேயே யானையும் வரும் என்பார்கள் எங்கள் ஊர்ப் பெரியவர்கள். சிறுத்தை பயமும் உண்டு. ஆகவே பாட்டியின் கட்டிலுக்கடியில் சாக்கு போட்டாயிற்று. படுக்கும் இடம் கால் தடுக்காத மூலையாகப் பார்த்து அப்பாதான் ஒதுக்கிக் கொடுத்தார்.

பாட்டி விழுந்தால் குரைக்குமா என்று கேட்காதீர்கள். சோதித்துப் பார்க்க யாருக்கும் ஆசையில்லை. அப்பாவின் பழைய பட்டன் போனை ஒரு கயிற்றில் கோத்துப் பாட்டி கழுத்தில் மாட்டிவிட்டோம். ஆரம்பத்திலேயே செய்திருக்க வேண்டிய வேலை அது.

பிரவுனியின் ஊசி அட்டை என் ரெக்கார்ட் நோட்டில்தான் இருக்கிறது, இரண்டாவது கட்டம் காலியாக. கெம்பியின் அட்டையைத் தங்கச்சி வாங்கி வைத்துக்கொண்டாள், என்னிடம் தரமாட்டாளாம். அடுத்த ஊசி வருகிற அன்றைக்கு எனக்கு போர்டு எக்ஸாம். அப்பாவுக்கு அந்த வாரம் நைட் ஷிஃப்ட், தூங்காமல் அவரே கூட்டிக்கொண்டு போகிறேன் என்றிருக்கிறார். காலண்டரில் அந்தத் தேதியைச் சுற்றி மூன்று பேர் மூன்று கலரில் வட்டம் போட்டிருக்கிறோம்.