கண்ணுக்குள்ளே ஒரு துரு

(இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல்)



முதலாண்டு வேதியியல் தேர்வில் 'துருப்பிடித்தல்' கேள்விக்கு முழு மதிப்பெண் வாங்கியவன் நான். இரும்பு ஆக்சிஜனோடும் ஈரத்தோடும் சேர்ந்து ஆக்சிஜனேற்றம் அடைவதே துரு என்று மனப்பாடமாக எழுதினேன். அதற்கு உறவான ஒரு வேலை என் அப்பாவின் கண்ணுக்குள்ளேயே நடந்துகொண்டிருந்தது அன்று எனக்குத் தெரியாது.

அப்பா தையல்காரர். ஐந்தாம் வகுப்போடு நிறுத்தியவர். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். அப்பாவுக்கு எட்டு வருடமாகச் சர்க்கரை. ஞாயிறு மாலை நான் ஹாஸ்டலுக்குக் கிளம்பும்போது, "தம்பி, பத்து ஊசியில நூல் கோத்து வச்சிட்டுப் போடா" என்பார். "வெள்ளெழுத்துதான்பா, ஒரு கண்ணாடி வாங்கிப் போட்டுக்கங்க" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிடுவேன்.

ஒருநாள் காலை அப்பா சொன்னார்: "வலது கண்ணுல கறுப்பு நூல் நூலா மிதக்குதுடா."

ஆஸ்பத்திரியில் சொட்டுமருந்து விட்டு, பாப்பா விரிந்ததும் டாக்டர் விளக்கடித்துப் பார்த்தார். "சர்க்கரையால விழித்திரை கெட்டிருக்கு. உள்ளே ரத்தம் கசிஞ்சிருக்கு. ஏன் முன்னாடியே வரல?" என்று கேட்டார்.

"வலிக்கலைங்களே டாக்டர்" என்றார் அப்பா.

அந்த வார்த்தைதான் என்னைத் தூங்கவிடவில்லை. எங்கள் வேதியியல் ஆசிரியரிடம் போய்க் கேட்டேன். அவர் நமக்குத் தெரிந்த மொழியிலேயே விளக்கினார். "கார்பரேட்டரில் பெட்ரோல் அதிகமாகப் போனால் வண்டி கரும்புகை தள்ளுமா இல்லையா? செல்லுக்குள் மைட்டோகாண்ட்ரியா என்று ஓர் எஞ்சின் இருக்கிறது. ரத்தத்தில் சர்க்கரை கூடினால் அதற்கு எரிபொருள் அளவுக்கு மீறிப் போகிறது. அப்போது எலக்ட்ரான்கள் வழிதவறி ஆக்சிஜனோடு சேர்ந்து 'சூப்பர் ஆக்சைடு' என்ற பொல்லாத பொருள் உண்டாகிறது. உடம்பால் அதைச் சமாளிக்க முடியாமல் போவதுதான் ஆக்சிஜனேற்ற அழுத்தம். 2000ல் மைக்கேல் பிரவுன்லீ என்ற அமெரிக்க விஞ்ஞானியின் குழு இதை விளக்கிக் கட்டுரை எழுதியது."

விழித்திரையோ ஆக்சிஜனை மிகுதியாகச் செலவழிக்கும் திசு. அதனால் அங்கே அடி பலம். மெல்லிய ரத்தக்குழாய்கள் வீங்கிக் கசிகின்றன; சில அடைத்துக்கொள்கின்றன. ரத்தம் போதாத இடத்தில் புதுக் குழாய்கள் முளைக்கின்றன. அவை பலவீனமானவை, எளிதில் உடைந்துவிடும். அப்பா பார்த்த கறுப்பு நூல் அப்படிக் கசிந்த ரத்தம்தான். இவ்வளவு நடந்தும் வலி துளிகூட இல்லை!

அப்பாவுக்கு லேசர் வைத்தார்கள். நம் ஸ்பாட் வெல்டிங் மாதிரி, விழித்திரையின் ஓரங்களில் புள்ளி புள்ளியாகச் சுடுகிறார்கள். இருக்கிற பார்வையைக் காக்கத்தான் அது. போனதெல்லாம் திரும்பாது என்று டாக்டர் முன்பே சொல்லிவிட்டார்.

"ஆக்சிஜனேற்றம்தானே, வைட்டமின் மாத்திரை போட்டால் சரியாகிவிடும்" என்று தெருவில் யோசனை சொன்னார்கள். நீரிழிவு உள்ளவர்களுக்கு வைட்டமின் ஈ கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வு ஒன்றின் முடிவு 2002ல் வந்தது. கண்ணுக்குப் பலன் இல்லை. பெட்ரோலைக் குறைக்காமல் புகையைத் துடைத்து என்ன பயன்? சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தால் பலன் உண்டு. 1998ல் வெளியான பிரிட்டன் ஆய்வில், அப்படிச் செய்தவர்களுக்குக் கண், சிறுநீரகம் போன்ற இடங்களின் நுண்குழாய்ப் பாதிப்பு 25 சதவீதம் குறைந்தது.

லேசர் முடிந்து வீடு திரும்பிய இரவு அம்மா மெல்லச் சொன்னாள்: "போன வருஷமே கண் டாக்டர்கிட்ட போகணும்னு காசு எடுத்து வச்சிருந்தாரு. நீ டிராஃப்டர் வாங்கணும்னு கேட்டே. அதுல குடுத்துட்டாரு."

நண்பர்களே, அந்த மினி டிராஃப்டரை வைத்து எத்தனையோ கோடுகள் நேராகப் போட்டிருக்கிறேன். இப்போது அதைத் தொடும்போதெல்லாம் கை நடுங்குகிறது. அப்பாவின் இடது கண் நன்றாக இருக்கிறது. தையலை விடவில்லை. ஞாயிறுதோறும் பத்து ஊசி கோத்துவிட்டுத்தான் கிளம்புகிறேன். வெள்ளெழுத்து என்று மட்டும் சொல்வதில்லை.

நம்மில் பலர் வீட்டில் முதலில் படிக்க வந்தவர்கள். நம் அப்பா அம்மா தங்கள் நோவை நம்மிடம் சொல்லமாட்டார்கள். இந்த நோயோ அவர்களிடமே சொல்லாது. ஆகவே நாம்தான் கேட்க வேண்டும். சர்க்கரை இருக்கிறது என்று தெரிந்த அன்றே ஒருமுறை, பிறகு வருடம் ஒருமுறை, சொட்டுமருந்து விட்டு விழித்திரையைப் பார்க்க வேண்டும். பார்வை நன்றாகத் தெரிந்தாலும் பார்க்க வேண்டும்.

அடுத்த விடுமுறைக்கு ஊருக்குப் போனதும் உங்கள் வீட்டில் இதைக் கேளுங்கள். நான் ஒரு வருடம் தாமதமாகக் கேட்டேன்.